திரையில் கழலும் நட்டு

சுவிட்சைப் போட்டால் மோட்டார் ‘உம்’மென்று உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கோவையின் புறநகர் வீடுகளுக்கு இது பழகிய சத்தம். முன்பு வைண்டிங் கடைக்கு ஆள் போகும். இப்போது கைதான் முதலில் போகிறது, கைபேசிக்கு. ‘மோட்டார் ஓடல, சத்தம் மட்டும் வருது’ என்று தட்டினால் தமிழிலேயே காணொளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் அடிக்கடி வரும் தீர்வு, கெபாசிட்டரை மாற்றுங்கள் என்பது. பல வீடுகளில் அதுவே சரியான தீர்வாகவும் இருந்துவிடுகிறது. சில நூறு ரூபாய்ச் செலவில், யாருக்கும் காத்திராமல், அன்றைக்கே தொட்டி நிரம்புகிறது. இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

ஆனால் அதே உறுமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்ததில் இம்பெல்லர் துருவேறியோ மணல் சிக்கியோ இறுகியிருக்கலாம். பேரிங் பிடித்திருக்கலாம். காயில் பாதி எரிந்திருக்கலாம். வைண்டிங் கடைக்காரர் ஸ்பேனரைத் தொடும் முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுவார். “கடைசியா எப்பங்க ஓட்டுனீங்க?” “லைட்டெல்லாம் டிம்மா எரியுதுங்களா?” மெயினை அணைத்துவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார். சுற்றினால் ஒரு வழி, சுற்றாவிட்டால் வேறு வழி. வார்னிஷ் கருகிய வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பார். தொழில் என்பது இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு கெபாசிட்டரை மாற்றுவதை யாரும் செய்துவிடலாம்.

காணொளி பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடம் முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. கேமராவை முடுக்கும் முன்பே படம் எடுப்பவருக்குக் கோளாறு தெரியும். பார்ப்பவருக்குத் தெரியாது. இறுகிப்போன மோட்டாருக்குப் புதுக் கெபாசிட்டர் போட்டு, ‘கொஞ்ச நேரத்தில் சுற்றிவிடும்’ என்று சுவிட்சைப் போட்டே வைத்திருந்தால், சுழலாத மோட்டார் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்சாரத்தை இழுத்துக் காயிலைக் கருக்கிவிடும். துருவைத் தட்டிவிட்டால் தீர்ந்திருக்கக்கூடிய வேலை, முழு வைண்டிங் செலவில் போய் முடியும். காணொளி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது வேறொரு மோட்டாருக்குச் சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

இந்தக் குறை படம் எடுப்பவரின் திறமைக்குறைவால் மட்டும் வருவதில்லை, பார்த்தல் என்ற செயலிலேயே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸும் எட் ஓ'பிரையனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மேசைவிரிப்பைப் பாத்திரம் சரியாமல் உருவுவது, அம்பு எறிவது, மைக்கேல் ஜாக்சன் போலப் பின்னால் வழுக்கி நடப்பது போன்றவற்றின் காணொளிகளை ஆட்களுக்குக் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்களுக்கு ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை கூடியது. செய்துபார்த்தபோது திறன் கூடியிருக்கவில்லை. கழைக்கூத்தாடிகள் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கட்டைகளைக் காணொளி பார்த்த பிறகு சிறிது நேரம் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த மிகைநம்பிக்கை தணிந்தது. எடையும் வழுக்கலும் கைக்குத் தெரிந்த பிறகுதான் மனம் தன் அளவை அறிகிறது.

கொங்கு மண்ணுக்கு இந்தக் கைப்பாடம் புதிதல்ல. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்து சேர்ந்தது. ஆலைகள் பெருகின. பாறையைக் குடைந்து ஆழக் கிணறு தோண்டி மாடு கட்டிக் கவலை ஓட்டிக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு மோட்டார் பம்ப் தேவைப்பட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். 1955இல் பி. சபாபதி மாவாட்டும் கிரைண்டரைச் செய்தார். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. இவற்றைச் சுற்றி கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு எங்கும் வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. அங்கே சேரும் பையன் முதலில் கூட்டிப் பெருக்குவான், டீ வாங்கி வருவான், மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவான். கழுவும்போதே எந்தப் பாகம் எங்கே தேய்கிறது என்று அவன் கண் பழகும். தப்பாகத் திருகினால் மரை போகும் முன்பே பின்னாலிருந்து ஒரு அதட்டல் வரும். காணொளியால் தர முடியாதது இந்த அதட்டல்தான்.

அதற்காகப் பட்டறையைப் புனிதப்படுத்திப் பேசுபவர்களோடும் நான் உடன்படவில்லை. அங்கே சேர உறவு வேண்டும், தெரிந்தவர் சிபாரிசு வேண்டும், பல இடங்களில் சாதியும் பொருந்த வேண்டும். பெண்களுக்கு அனேகமாகக் கதவே இல்லை. எந்த மோட்டாருக்கு எந்தக் கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்ற கணக்கைச் சில முதலாளிகள் தங்கள் நோட்டிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாண்டு உழைத்த பையனுக்கும் அந்த நோட்டு விரியாது. அந்தப் பூட்டை உடைத்தது இணையக் காணொளி. 2016க்குப் பிறகு கைபேசி இணையம் மலிவானதும், இத்தொழிலில் இருப்பவர்களே தமிழில், அதுவும் கொங்குத் தமிழில், தங்களுக்குத் தெரிந்ததைப் பேசத் தொடங்கினார்கள். குழாயில் வாசர் மாற்றுவதற்கு ஒரு வாரம் பிளம்பரைக் கெஞ்சிக்கொண்டிருந்த பெண், கேட் வால்வை மூடிவிட்டுத் தானே மாற்றிக்கொள்கிறாள். கிரைண்டர் பெல்ட்டை மாற்ற மூதாட்டி ஒருவர் பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு முடிக்கிறார். இதில் மிச்சமாகும் பணத்தைவிட, வீட்டுப் பொருளைக் கண்டு அஞ்சாமல் இருக்கும் நிலை பெரிது. இந்த மாற்றத்தைப் பட்டறை மரபு ஒருபோதும் தந்திருக்காது.

கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த அதே ஜி.டி. நாயுடு, ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றது கோவையில் எல்லோரும் அறிந்த கதை. பின்னாளில், 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தபோது, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, அரசு ஏற்காததால் விலகியவரும் அவரே. நீண்ட படிப்பு இல்லாமலே கற்கலாம் என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் காணொளி பார்ப்பதற்கும் அவர் செய்ததற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். எந்த நட்டை முதலில் கழற்றுவது என்று சொல்ல யாருமில்லை. ஒவ்வொன்றையும் அவரே ஊகித்தாக வேண்டும். காணொளி அந்த ஊகிக்கும் வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்தாலும், அடுத்த கோளாறுக்கு நாம் மறுபடி தொடக்கத்தில்தான் நிற்கிறோம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது மின்சாரம். அமெரிக்கக் காணொளி ஒன்றில் கறுப்பு வயரில் மின்சாரம் இருக்கும், வெள்ளை நியூட்ரல். நம்முடைய பழைய வீடுகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அங்கே வீட்டுப் பிளக்கில் 120 வோல்ட், இங்கே 230. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றின் மின்வடத்தில் இப்போது பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். ‘நீலம் என்றால் நியூட்ரல்’ என்று அந்த மின்வடத்தை வைத்துப் படித்த ஒருவர், தோட்டத்து மோட்டார் ரூமில் மூன்று பேஸ் ஸ்டார்ட்டரைத் திறந்தால், அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ். நிறத்தை நம்பித் தொட்டால் இரண்டாம் வாய்ப்பு இல்லை. கொங்குப் பகுதியில் ஒரே குடும்பத்துக்கு ஊரில் வீடும் காட்டில் மோட்டார் ரூமும் இருப்பது சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வயரின் நிறம் எதையும் உறுதிசெய்யாது, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை போக வேண்டும் என்பதை முதல் நிமிடத்தில் சொல்லாத மின்சாரக் காணொளியை நான் மோசமான காணொளி என்றே கருதுகிறேன், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மைக்ரோவேவ் அடுப்பும் அதே வகை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். வேலை செய்யும்போது அது தாங்குவது இரண்டாயிரம் வோல்ட் அளவு.

தண்ணீரும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயிலும் உப்புப் போர்த் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும் வீடுகள் ஏராளம். மென்மையான தண்ணீர் ஓடும் ஊரில் எடுத்த கீசர் காணொளியில் எலிமென்ட் இரண்டு திருகில் கழன்று பளபளவென்று வெளியே வரும். இங்கே போர்த் தண்ணீர் குடித்த எலிமென்ட், சுண்ணாம்புப் படிவத்தில் உடம்பு பெருத்து, வந்த துளை வழியாகவே வெளியேற மறுக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் தொட்டியின் வாய் கிழியும். துருப்பிடித்த நட்டு, மரை தேய்ந்த திருகு, ஒட்டிக்கொண்ட வாசர் ஆகியவற்றில்தான் உண்மையான வேலையின் பெரும்பகுதி கழிகிறது. படத்தொகுப்பில் முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். பார்ப்பவர் சலித்து வேறு காணொளிக்குப் போய்விடுவார் என்ற பயம்.

கார் வேலையில் வைப்பர், ஏர் ஃபில்ட்டர், பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்தல் எல்லாம் தாராளமாக வீட்டில் செய்யலாம். பிரேக் பேட் மாற்றுவது பார்வைக்கு இவற்றைவிடச் சற்றே கடினமானது போலத் தெரியும். புதுப் பேடுக்கு இடம் கொடுக்க காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துப் பிஸ்டனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் இல்லாத காணொளியைப் பார்த்தவர் சரிவான வாசலில் வண்டியை இறக்கத் தயாராக நிற்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் இதே கணக்கில் சேரும்.

ஆகவே நான் வேலையின் கடினத்தைப் பார்ப்பதில்லை. தவறினால் மீட்க முடியுமா என்று பார்க்கிறேன். குழாய் ஒழுகினால் மறுபடி மூடித் திறக்கலாம். பிரேக், மின்சாரம், சமையல் எரிவாயு, எரியும் தன்மையுள்ள ஆர்32 வாயு நிரப்பிய ஏசி ஆகியவற்றில் முதல் தவறே கடைசித் தவறாகலாம். முன்னதில் காணொளியைப் பார்த்துக் கை வைக்கட்டும். பின்னதில் மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று புரிந்துகொள்ளவும், தேவையற்ற பாகத்துக்கு அவர் பில் போடுகிறாரா என்று கேள்வி கேட்கவும் காணொளி உதவட்டும். அந்தப் பயனும் சிறியதல்ல.

அரைகுறைக் காணொளிகளை நம்ப வேண்டியிருக்கும் இந்த நிலைக்குத் தளங்களும் நிறுவனங்களும் பொறுப்பேற்க வேண்டும். யூடியூப் 2021 நவம்பரில் ‘பிடிக்கவில்லை’ எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தது. தவறான செய்முறையை அடையாளம் காணப் பார்வையாளருக்கு இருந்த எளிய வழி அது. பொருள் செய்யும் நிறுவனங்களோ சர்க்யூட் படத்தையும் பழுது கையேட்டையும் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் இணையதளம் மட்டும் போதாது. முறையான கையேடு தமிழில் கிடைத்திருந்தால், பல வீடுகள் யாரோ ஒருவரின் காணொளியை நம்ப வேண்டியிருக்காது.

காணொளியால் மிக அதிகம் பயன்பெறுபவர்கள் தொழில் தெரிந்தவர்களே என்பது என் கணிப்பு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்து, இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் பரவியபோது, சாலையோர மெக்கானிக்குகள் பலர் புதுப்பாடத்தைக் கற்றது கைபேசியில்தான். அவர்களிடம் ஏற்கெனவே பழகிய கையும் சந்தேகிக்கத் தெரிந்த கண்ணும் இருந்தன. காணொளி விட்ட இடத்தை அவர்களால் நிரப்பிக்கொள்ள முடிந்தது.

அந்த அறிவைத் திரும்பவும் வெளியே கொண்டுவர வழி இருக்கிறது. தமிழக அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுத வருபவர்கள் வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள். கொங்குப் பகுதி ஐடிஐக்கள் இவர்களையும் கணபதியின் வைண்டிங் கடைக்காரர்களையும் அழைத்து, தாங்கள் சொதப்பிய வேலைகளைக் கேமரா முன் பேச வைக்கலாம். ஒரே உறுமலுக்கு எத்தனை காரணம், ஒவ்வொன்றையும் எப்படிப் பிரித்தறிவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று, நம் 230 வோல்ட்டில், நம் நிற வயரில், நம் போர்த் தண்ணீர்ப் படிவத்தோடு எடுக்க வேண்டும். கழலாத நட்டோடு மல்லுக்கட்டும் பத்து நிமிடத்தையும் வெட்டாமல் விட வேண்டும்.