வேரை எழுதியவரும் வேரைத் தேடுபவரும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் கதைகளின் எல்ஃப் மக்களுக்காக ஒரு மொழியை உருவாக்கினார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் அவர் உருவாக்கியது ஒரு மொழிக் குடும்பம். குவென்யா, சிந்தரின் என்று இரண்டு மொழிகள், இரண்டுக்கும் தாயான ஒரு தொல்மொழி, அந்தத் தாயிடமிருந்து பிரிந்தபோது எந்த ஒலி எப்படித் திரிந்தது என்பதற்கான விதிகள். 1937-38 வாக்கில் அவர் எழுதி வைத்த வேர்ச்சொல் பட்டியல் 1987இல் மகன் கிறிஸ்டோபரின் பதிப்பாக அச்சேறியது. அதைப் படிப்பவருக்குச் சொற்பிறப்பியல் அகராதி ஒன்றின் கையெழுத்துப் படியைப் படிப்பதுபோலவே இருக்கும். 1919-20இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 'டபிள்யூ' எழுத்துச் சொற்களுக்கு வேர் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பழக்கம் கதைக்குள்ளும் வந்துவிட்டது.

வேரை முதலில் நட்டு, சொல்லைப் பிறகு விளைவிக்கும் இந்த முறையை எடைபோட விரும்புகிறேன். மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. மலேசியத் தமிழரிடையே சொல்லின் வேர் தேடும் ஆர்வம் பெரிது. சொல்லாய்வாளர் பாவாணரின் நூல்களைப் பாடம்போல் படித்த தலைமுறைகள் இங்கே உண்டு. கற்பனை மொழியில் அழகாக வேலை செய்யும் ஒரு முறை, உண்மை மொழியின் ஆய்வுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது நமக்கு நெருக்கமான கேள்வி.

முதலில் அதன் அழகு. தொல்மொழியின் 'க்வ்' ஒலி குவென்யாவில் அப்படியே நிற்கிறது, சிந்தரினில் 'ப்' ஆகிறது. அதனால் 'சொல்' என்பதற்குக் குவென்யாவில் க்வெட்டா, சிந்தரினில் பெத். அன்னத்துக்கு அங்கே அல்க்வா, இங்கே அல்ஃப். மேலோட்டமாகப் பார்த்தால் உறவே தெரியாது. விதியை அறிந்தவருக்கு இரண்டும் அக்கா தங்கை. தமிழருக்கு இது புதிதில்லை. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தோடுதான் இருந்தன. கன்னடத்தின் கிவி நமக்குச் செவி, கெய் நமக்குச் செய். இகர எகரங்களுக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமானது. அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கெடு ஏன் செடு ஆகவில்லை? அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் ககரம் பெரும்பாலும் திரியாமல் நிற்கும் என்பதே விடை. இதைத் தெளிவாக்கியவர் தாமஸ் பர்ரோ. எமனோவுடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டவர். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த காலத்தில்தான் டோல்கீனும் அங்கே பேராசிரியர். ஒரே ஊரில் ஒருவர் இருக்கும் மொழிகளின் வேரைத் தோண்டினார், இன்னொருவர் இல்லாத மொழிகளுக்கு வேரை எழுதினார்.

டோல்கீனின் கெட்டிக்காரத்தனம் விதிகளோடு முடியவில்லை. கலாட்ரியேல் என்ற பெயரில் உள்ள 'கலட்' ஒளியைக் குறிப்பது. மரத்துக்கான சிந்தரின் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான், கடைசி மெய் மட்டும் சற்றே மென்மையானது. அவள் ஒரு காட்டுக்குத் தலைவியாக இருப்பதால், விவரம் அறியாத மக்கள் பெயரை மரத்தோடு சேர்த்துத் திரித்துவிட்டார்கள் என்றும் டோல்கீனே எழுதி வைத்தார். மக்கள் தம் சொற்களுக்குத் தாமே காரணம் கற்பிப்பார்கள், அந்தக் கற்பிதம் சொல்லையே மாற்றிவிடும் என்பது மொழி வரலாற்றின் ஆழமான உண்மை. அதையும் கதைக்குள் கொண்டுவந்த வேறொரு மொழிப் படைப்பாளியை நான் அறியேன்.

தமிழ்க் கவிஞர் ஒருவர் படைத்த மொழியும் நமக்கு உண்டு. 2015இல் வந்த 'பாகுபலி' படத்தின் காலகேயக் குடியினருக்காக மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி. அதில் 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. சொல்லைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள். குழந்தைகூட ஒரே மாலையில் பற்றிக்கொள்ளும். சில காட்சிகளில் அச்சமூட்ட வேண்டிய மொழிக்கு அது போதும், அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஆனால் மக்கள் பேசிவந்த மொழிகளில் தன்மையும் முன்னிலையும் இப்படிக் கண்ணாடிக்குள் பிறப்பதில்லை. கிளிக்கிச் சொற்களுக்கு அம்மா இல்லை, அண்டை வீட்டார் இல்லை. திரையை விட்டு வெளியே வந்தபின் அதன் இனிமை சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி டோல்கீன் முறையின் குறை. அவர் பல பெயர்களைச் செவிக்கு இனிமையாக இருக்கின்றன என்பதற்காகவே கதையில் வைத்துவிட்டு, வேரை அப்புறம் தேடினார். வாழ்வின் இறுதிக் காலத்தில் எல்ரோஸ் என்ற பெயரின் 'ரோஸ்' எங்கிருந்து வந்தது என்று விளக்க நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். மனிதர்களின் மொழி ஒன்றிலிருந்து வந்ததாக நுணுக்கமாக நிறுவினார். பிறகுதான், அச்சில் வந்துவிட்ட தம் நூலில் கெய்ர் ஆன்ட்ரோஸ் என்ற தீவின் பெயரில் அதே 'ரோஸ்' சிந்தரின் சொல்லாக இருப்பதைக் கவனித்தார். கட்டுரையின் பெரும்பகுதி பயனற்றுப் போனதாக அவரே குறித்து வைத்தார். இதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவரைத் தடுத்து நிறுத்தியது அச்சான பக்கம் ஒன்றுதான். அது அச்சாகாமல் இருந்திருந்தால் அந்த விளக்கம் உண்மையாகவே ஆகியிருக்கும். படைத்தவன் சொன்னால் அதுதான் வேர். அதை மறுக்கச் சான்று எங்கும் கிடையாது.

அந்தச் சுதந்திரம் உண்மை மொழியை ஆய்பவருக்கு இல்லை. ஞா. தேவநேயப் பாவாணரைப் படிக்கும்போது இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. அவருடைய உழைப்பை நான் வணங்குகிறேன். வட்டார வழக்கும் தொழில் வழக்கும் அவர் கைக்குள் இருந்தன. 1974இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே முதல் இயக்குநர், 1981இல் மறையும்வரை அதிலேயே உழைத்தார். வடசொல் என்று ஒதுக்கப்பட்ட பலவற்றை மறுபடி விசாரிக்க வைத்தது அவர் வெற்றி. ஆனால் 'உல்' என்ற ஒரே வேரிலிருந்து கூடுதல், வளைதல், துளைத்தல் என்று பொருள்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும்போது, எந்தச் சொல்லையும் அந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் மாட்டிவிடலாம் என்றாகிறது. எது வந்தாலும் பொருந்தும் விளக்கம் எதையும் நிறுவுவதில்லை. அந்த இடத்தில் பாவாணர் ஆய்வாளராக இல்லாமல் டோல்கீனைப் போலப் படைப்பாளியாகிவிடுகிறார்.

ஒலி ஒப்புமை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இங்கே தினமும் காதில் விழும் சொல்லையே எடுக்கலாம். மலாயில் கண்ணுக்கு மாத்தா. இன்றைய கிரேக்கத்தில் மாட்டி. கிரேக்கச் சொல் 'ஒம்மாட்டியோன்' என்ற பழைய வடிவம் தேய்ந்து வந்தது, ஆகவே ஒற்றுமை தற்செயல். மலாய்ச் சொல்லின் உண்மை உறவு ஹவாய் மொழியின் மக்கா. அங்கே தகரம் ககரமானது பல சொற்களில் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஒன்'னும் நம் ஒன்றும் ஒன்றே என்பவர்களுக்கும் இதே பதில்தான்: பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'.

நம் தோட்டங்களில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுத்த இடம் பெரட்டுக் களம். அது ஆங்கிலேயத் துரைகளின் 'பரேட்'. வரலாறு தெரியாத ஒருவர் புரட்டு, உருட்டு என்று தொடங்கி, தொழிலாளியைத் தூக்கத்திலிருந்து புரட்டிய இடம் என்று அருமையாக வேர் சொல்லிவிடலாம், கேட்பவர் நெஞ்சும் கனக்கும். ரப்பருக்கு நாம் சொல்லும் கித்தா மலாயின் கெத்தாவிலிருந்து வந்தது. மறுபக்கம், மலாயின் கெடாய், கப்பால், மோடால் மூன்றும் நம் கடை, கப்பல், முதல். இவற்றை நாம் நம்புவதற்கு ஒலி மட்டும் காரணமன்று. தமிழ் வணிகர் மலாக்காவுக்கு வந்துபோன வரலாறு பின்னால் நிற்கிறது.

வேரிலிருந்து புதுச்சொல் ஆக்குவது வேறு கதை. கணி என்பதிலிருந்து கணினி, இணை என்பதிலிருந்து இணையம். பின்னதைத் தந்தவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி என்பார்கள். இங்கே டோல்கீனின் முறை முழுத் தகுதியோடு வேலை செய்கிறது. 'இணையம் பழந்தமிழர் அறிந்தது' என்று யாரும் வாதாடவில்லை. ஆக்கப்பட்ட சொல் என்று தெரிந்தேதான் பேசுகிறோம். குவென்யாவில் இல்லாத அன்றாடச் சொற்களை அதன் ஆர்வலர்கள் டோல்கீனின் வேர்களிலிருந்து ஆக்கிக்கொள்வதும் இதே வழியில்தான்.

நான் இதை எழுதும் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. அங்கே வாழும் மா மெரி மக்களின் மொழி ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமருக்கும், மேகாலயத்தின் காசிக்கும், ஜார்க்கண்டின் சந்தாலிக்கும் உறவு. இரண்டு என்பதற்குச் சந்தாலியில் பார், காசியில் ஆர், கெமர் எழுத்தில் பீர். கடல் கடந்த இந்த உறவை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுதி, ஒலிகளை வரிசைப்படுத்தித்தான் கண்டுபிடித்தார்கள். பெரட்டும் கித்தாவும் இன்னும் புழங்கும் வாய்களிலிருந்து நம் தோட்டச் சொற்களையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும்: யார் சொன்னது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு. வேரை அதற்குப் பிறகு தேடலாம்.