இரேனியஸின் மதிப்புரை

கதைச் சுருக்கத்தைப் பிசகில்லாமல் சொல்லியே ஒரு நூலைக் கொன்றுவிடலாம். மதிப்புரை எழுதுகிறவர்கள் அறிந்த வித்தை இது. இதில் கைதேர்ந்தவர் என்று லியோன் நகரத்து பிஷப் இரேனியஸைச் சொல்வேன். சுமார் கி.பி. 180-ல் அவர், கிறிஸ்தவர்களிடையே பரவியிருந்த ஞானவாதிகளைக் கண்டித்து ஐந்து பாகங்களில் ஒரு நூல் எழுதினார். பல நூற்றாண்டுகளுக்கு ஞானவாதிகளைப் பற்றி உலகம் அறிந்திருந்ததெல்லாம் பெரும்பாலும் இவரைப் போன்ற எதிராளிகள் சொன்னதுதான்.

1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி என்ற ஊருக்கருகே, ஞானவாதிகளின் நூல்கள் பல அடங்கிய காப்டிக் மொழிச் சுவடிகள் அகப்பட்டன. அவற்றில் 'யோவானின் ரகசிய நூல்' மட்டும் மூன்று பிரதிகள். இரேனியஸ் தந்திருக்கும் சுருக்கங்களில் ஒன்று இதன் முற்பகுதியோடு பெரிதும் ஒத்துப்போகிறது. மனிதர் பொய் சொல்லவில்லை.

கதை இதுதான். பேர் சொல்ல முடியாத பரம்பொருளிலிருந்து தோன்றியவள் சோபியா. அவளிடம் பிறந்த அறியாமை நிறைந்த சக்தி ஒன்று இந்த உலகத்தைப் படைக்கிறது. தான் பொறாமையுள்ள கடவுள், தன்னையன்றி வேறு கடவுள் இல்லை என்று பெருமையடித்துக்கொள்கிறது. இரேனியஸ் இந்த இடத்தில் நிறுத்தி, இப்படியெல்லாம் பொய் கட்டுகிறார்கள் என்று முடித்துவிடுகிறார். ரகசிய நூல் நிறுத்தவில்லை. வேறு கடவுளே இல்லையென்றால் பொறாமை யார்மேல் என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்வியில்தான் கதைக்கு உயிர் வருகிறது. உலகத்தில் இத்தனை துன்பம் ஏன் என்று நொந்து தவித்த மனம் கேட்ட கேள்வி அது.

சித்தாந்தத்தில் நான் பிஷப்பின் கட்சி. ஞானவாதிகளுக்கு உடம்பு ஒரு சிறை. கிறிஸ்து சிலுவையில் பட்ட வலிகூட வெறும் தோற்றம் என்றார்கள் அவர்களில் சிலர். கடவுள் மெய்யாகவே மாம்சமானார், மெய்யாகவே வலித்தது என்று திருச்சபை பிடிவாதமாகச் சொன்னது. பசியையும் கண்ணீரையும் வைத்தே பிழைக்கிற கதாசிரியனுக்கு வலிக்காத நாயகனால் என்ன பிரயோஜனம்? மேலும், ரகசிய ஞானம் சிலருக்குத்தான் என்றால் மற்றவர்கள் கதி என்ன?

ஆனால் கட்சி வேறு, விமர்சனம் வேறு. இரேனியஸ் ஜெயித்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். எதிராளியின் நல்ல கேள்வியையும் எடுத்துச் சொல்லிவிட்டு அவர் ஜெயித்திருக்கலாம். வாதத்தில் அவ்வளவு பலம் உள்ளவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.