அம்பு தைத்த வீரன்: ஓர் அட்டைப்படத்தின் பொருள்

சஞ்சிகையின் அட்டைப்படம் பெரும்பாலும் விற்பனைக்கான கவர்ச்சியாகவே கொள்ளப்படுகின்றது. எனினும், அது ஒரு கருத்துநிலையைத் தாங்கும் கலைவடிவமாகவும் அமையலாம் என்பதற்கு, அமெரிக்கச் சஞ்சிகையான 'எஸ்குவயர்' 1968 ஏப்ரில் இதழின் அட்டை தக்க சான்றாகும்.

வியட்நாம் போர்க்காலத்திலே, 1967 ஏப்ரில் 28ஆந் திகதி, குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இராணுவத்திற் சேர மறுத்தார். தாம் தழுவிய இஸ்லாமிய நெறியையே அவர் காரணமாகக் காட்டினார். அவரது உலக வீரர் பட்டம் பறிக்கப்பட்டது. யூன் மாதத்தில் ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீடு முடிவுறாத வேளையிலேயே, ஜோர்ஜ் லோயிஸ் வடிவமைத்து, கார்ல் பிஷர் படம்பிடித்த இவ்வட்டை வெளிவந்தது.

வெண்ணிறப் பின்னணி, வெண்ணிறக் காற்சட்டை, வெண்ணிறச் சப்பாத்து. கைகள் முதுகுப்புறம் மறைந்துள்ளன, தலை சாய்ந்துள்ளது, உடலில் ஆறு அம்புகள். வேறு பொருளெதுவும் இல்லாமையாற் பார்வை அக்கரிய உடலிலேயே நிலைக்கின்றது. எய்தவர் எவரும் காட்டப்படவில்லை. ஆதலால், எய்தவர் யார் என்னும் வினா பார்ப்போரை நோக்கியே எழுகின்றது.

புனித செபஸ்தியாரைச் சித்திரித்த பொத்திசீனியின் ஓவியமே இதற்கு மூலம். அட்டையின் வாசகமும் 'முகம்மது அலியின் பாடுகள்' என்பதே. கிறிஸ்துவின் துன்பத்தைச் சுட்டும் அச்சொல்லால், தாம் வெறுத்த மனிதனைத் தாம் வணங்கும் குறியீட்டினூடாகக் காணுமாறு கிறிஸ்தவப் பெரும்பான்மையினர் நிர்ப்பந்திக்கப்படுகின்றனர். கிறிஸ்தவப் புனிதராக நிற்க அலி முதலில் தயங்கினார். தமது மதத்தலைவர் எலைஜா முகம்மதுவின் இசைவு பெற்ற பின்னரே உடன்பட்டார்.

அத்தயக்கம் பொருளற்றதன்று. அலியின் மறுப்பு வாதத்தாலும் செயலாலும் ஆனது. அட்டையிலோ கைகளும் இல்லை, குரலும் இல்லை. எதிர்த்தவன் துன்புறுபவனாக மாற்றப்படுகின்றான். எதிர்ப்பினைவிடத் துன்பத்திற்கு இரங்குதல் எளிது. இவ்வடிவமைப்பின் வலிமையும் எல்லையும் இதுவே.

ஆயினும், செபஸ்தியார் அம்புகளால் மாண்டவரல்லர். பிழைத்தெழுந்து பேரரசனை நேரிற் கண்டித்தார் என்பது மரபு. 1971 யூன் 28ஆந் திகதி அமெரிக்க உயர்நீதிமன்றம் அலியின் தண்டனையை நீக்கிற்று. படம் காட்டாது விட்ட கதையின் பிற்பகுதியே அலிக்கு மிகப் பொருந்துவதாயிற்று.