மழையில் இ-டைப்

இங்கிலாந்தின் கோடைக்காலக் கார் கண்காட்சிகள் பெரும்பாலும் புல்வெளியில் நடப்பவை. அதனால் மழைக்கும் அவற்றில் பங்கு உண்டு. ஜாகுவார் இ-டைப் கிளப்பின் வரிசை காலையிலேயே நிரம்பிவிடும். மழை நாளில் அந்த வரிசையைப் பார்த்தவுடன் ஒன்று புரிந்துவிடும்: எது சாலையில் ஓடி வந்த கார், எது டிரெய்லரில் ஏறி வந்த கார். கதவுக்குக் கீழே சேறு தெறித்திருந்தால், பானெட்டின் காற்றுப் பிளவுகளிலிருந்து ஆவி எழுந்தால், அது ஓடி வந்தது. ரசிகர் முதலில் அங்கேதான் நிற்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது முன்கண்ணாடி. முதல் சீரீஸ் காரில் வைப்பர்கள் மூன்று. இந்தக் காரின் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். கார் உடலின் வளைவுகளைக் கணக்குப் போட்டுத் தீர்மானித்தவர். அவர் தந்த கண்ணாடி அகலமானது, உயரம் குறைந்தது. நீளமான இரண்டு வைப்பர்களுக்கு அங்கே இடமில்லை. குட்டையான இரண்டு போட்டால் நடுவில் துடைபடாத ஒரு பட்டை நின்றுவிடும். ஆகவே குட்டையாக மூன்று. ஒரே மோட்டார்தான் மூன்றையும் இயக்குகிறது. மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்று துடைத்து முடிக்கும் ஓரத்தை அடுத்தது எடுத்துக்கொண்டு, நாட்டியக்காரிகள் மூவர் ஒரே அடவைப் பிடிப்பதுபோல அசையும். வெயில் நாளில் அவை கண்ணாடியின் அடியில் வெறுமனே படுத்துக் கிடக்கும். அந்த அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது மழையில்தான் விளங்கும்.

1971இல் வந்த மூன்றாம் சீரீஸ் காருக்கு வைப்பர் இரண்டுதான். 5.3 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினின் வழுக்கும் ஓட்டத்தைப் புகழ்பவர்கள் கிளப்பில் நிறைய. அந்தப் புகழ்ச்சியில் உண்மையும் உண்டு. ஆனால் சக்கர இடைவெளி நீண்டு, காற்று நுழையும் வாயில் கிரில் ஏறிய பிறகு சேயரின் கோடு தளர்ந்துவிட்டது. ஹெட்லைட்டின் கண்ணாடி மூடி 1967இலேயே போய்விட்டது. மழைநீர் மூக்கிலிருந்து கண்ணாடி மூடிமீது தடையின்றி வழிந்து ஃபெண்டரைப் பிடிக்கும் அழகு அதற்கு முந்தைய கார்களுக்கே உரியது.

வெயில் நாளில் எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சின் காட்டுகிறார்கள். முன்பக்கம் கவிழும் அந்தப் பெரிய பானெட் திறந்திருக்கையில் காரின் வடிவமே மறைந்துபோகிறது. மழை அதை மூட வைக்கிறது, மூடவும் வேண்டும். 12 சிலிண்டருக்கு முந்தைய கார்களிலுள்ள எக்ஸ்.கே. எஞ்சினின் ஆறு ஸ்பார்க் பிளக்குகளும் இரண்டு கேம் மூடிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் தேங்கினால் திரும்பும் வழியில் எஞ்சின் மிஸ்ஸிங் ஆகும்.

ஒரு விஷயத்தில் பக்கத்து வரிசை எம்.ஜி.பி. ஜி.டி.காரர்களுக்கு வெற்றி. அவர்களுடைய பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். அடியில் இருவர் நின்று டீ குடிக்கலாம். இ-டைப் கூபேயின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் அந்த வசதி இல்லை.

மதியத்துக்கு மேல் நடுவர்கள் வருவார்கள். இப்போதெல்லாம் பல இடங்களில் மார்க் போவது சுத்தத்துக்கு: அடிப்பாகம் பளபளக்கிறதா, கம்பிச் சக்கரத்தின் ஆரங்களில் தூசி இருக்கிறதா என்று. இந்தக் கணக்கில் டிரெய்லரில் உறையோடு ஏறி வந்த கார் ஜெயிக்கிறது; ஓடி வந்த கார் தோற்கிறது. இ-டைப்போ ஓடிக் காட்டிய கார்: 1961 மார்ச்சில் அதன் ஜெனீவா அறிமுகத்துக்கு இன்னொரு கார் தேவைப்பட்டபோது, ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் 77 ஆர்.டபிள்யூ. என்ற எண்ணுள்ள திறந்த காரை கோவென்ட்ரியிலிருந்து ஒரே இரவில் ஓட்டிப்போய்ச் சேர்த்தார். இ-டைப்பின் புகழ் அங்கே தொடங்கியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1996 முதல் நீல நிற இ-டைப் ஒன்று இருக்கிறது. அசையாமல் நிற்பதற்கு அந்த ஒன்று போதும்.

மழைக்கு அஞ்சுபவர்கள் சொல்லும் காரணம் துரு. அது நியாயமான பயம்தான். கதவடியில் ஓடும் பெட்டி வடிவ சில் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு போயிருக்கும். அதற்கு மருந்து காரை வீட்டில் பூட்டி வைப்பதல்ல, வீடு திரும்பிய பின் செய்யும் வேலை. சில்லின் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிட வேண்டும். தரை விரிப்பைத் தூக்கிக் காயவைக்க வேண்டும். ஈரக் காரின்மேல் உறை போடக் கூடாது. நனைந்த துணிக்கூரையை மடித்தால் பூஞ்சை பிடித்துச் சுருங்கும். அது முழுதும் உலரும்வரை கூரையை விரித்தபடியே விட வேண்டும்.