தொண்டு என்னும் சொல்

‘தொண்டர் ஆசிரியர்’ என்னும் தொடர் வடமாகாணத்தில் எவரும் ஐயுறாது வழங்கும் தொடராகிவிட்டது. போர்க்காலத்திலும் அதன் பின்னும், ஆசிரியரில்லா வகுப்புகளில் ஊதியமின்றிக் கற்பித்தோரை அது குறிக்கும். நிரந்தர நியமனம் வேண்டி அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்ததையும் கண்டோம்.

நாவலர் பிறந்த நல்லூரில் தொண்டின் பொருளை எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. அவர் 1852இல் வசனமாக்கி வெளியிட்ட பெரியபுராணத்தையே பார்ப்போம். திருநீலகண்டக் குயவனார் அடியார்க்கு ஓடுகளை விலையின்றி ஈந்தார். ஆயினும் மட்கலம் வனைந்து விற்றே இல்லறம் நடத்தினார். அவர் தொண்டு பிழைப்பின் மேல் எழுந்தது. பிழைப்பை விழுங்கி எழுந்ததன்று. தன் விருப்பால் ஈவதும், வேலை கிட்டுமென்ற ஏக்கத்தால் ஈய நேர்வதும் ஒன்றாகுமா?

அனுபவம் பெறுகின்றனரே என்பர். மெய்தான். கரும்பலகையின் முன் நின்று முதல் மாதத்திற் கற்பது விரிவுரை மண்டபத்திற் கிட்டாது. கடைசி வாங்கிலிருக்கும் பையன் ஏன் எழுத மறுக்கிறான் என்பதை எந்நூலும் சொல்லாது. ஆனால் அம்முதல் மாதம் ஐந்தாம் ஆண்டிலும் முடிவுறாதிருப்பதேன்?

முதலாளித்துவத்தின் தாயகமான அமெரிக்காவிலேயே இதற்கோர் அளவுகோல் உண்டு. 1947இல் போர்ட்லண்ட் ரயில்வே நிறுவனத்தின் வழக்கில், ஒரு வாரமளவு பயின்றோர் தொழிலாளரல்லர் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர்கள் எவருடைய வேலையையும் பிடிக்கவில்லை; நிறுவனத்துக்கு இடையூறாகவே சில வேளை இருந்தனர் என்பது காரணம். நம் தொண்டர் ஆசிரியரோ தனியே வகுப்பை நடத்துகிறார். அவர் வராத நாளில் பிள்ளைகள் சும்மா இருக்கின்றனர். முதலாளிகளுக்கு வாய்ப்பான அந்த அளவுகோலாலேயே அளந்தாலும் இது வேலைதான்!

பயிற்சிக்கும் கூலி உண்டென்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. 2020இல் பட்டதாரிப் பயிலுநர்க்கு மாதம் 20,000 ரூபா வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, பிறவிடங்களில் 15,000 இந்திய ரூபா குறையாது கொடுக்கவேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் பணித்தது.

வெளிநாட்டுத் தமையன் பணமனுப்பும் வீட்டுப் பிள்ளை ஈராண்டு பொறுக்கலாம். கூலித் தொழிலாளியின் மகள் பஸ் கட்டணத்துக்கே கடன்படுவாள். இடையில் விலகுபவள் அவளே; ‘அனுபவமில்லை’ என நேர்முகத் தேர்வில் ஒதுக்கப்படுபவளும் அவளே. ஆதலின், சம்பளமின்றி ஒருவரை வகுப்புக்குள் அழைக்கும் எந்நிறுவனமும் முதல் நாளே கால எல்லையையும் படியையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். கற்பித்த ஆண்டுகள் பின்னர் சேவைக் காலமாகக் கணிக்கப்படல் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் தம் சம்பளப் போராட்டங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்த்தாலென்ன?