இசைத்தட்டின் முகப்பு: உறையா, உரையா?

இசைத்தட்டின் முகப்புப் படம் பாடலுக்கு உறை மாத்திரமா, அன்றி உரையுமா? எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் இசைத்தொகுப்புகள் பற்றிச் சுவைஞரிடையே எழுந்த வழக்கு இவ்வினாவையே அடியாகக் கொண்டது.

1975இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்து, மீண்டும் இலண்டன் சென்ற இவர் பாடகியாகுமுன் ஓவியர். சென்ரல் சென்ற் மாட்டின்ஸ் கலைக்கல்லூரியிற் பயின்றவர். தந்தை பூண்ட பெயரைத் தாங்கிய ‘அருளர்’ (2005), தாயின் பெயரைத் தாங்கிய ‘கலா’ (2007) ஆகிய இரண்டின் முகப்புகளும் கண்ணைக் கூசவைக்கும் நிறங்கள் செறிந்தவை. 2010இல் வெளிவந்த ‘மாயா’வின் முகப்பிலோ, யூடியூப் காணொளியின் அடியில் ஓடும் பட்டைகள் அடுக்கடுக்காக முகத்தை மறைக்க, கண்கள் மட்டுமே தோன்றுகின்றன. இசை விமரிசனத் தளமொன்று இதனை அவ்வாண்டின் மிக மோசமான பத்து முகப்புகளுள் ஒன்றாக வைத்து, கணினி வகுப்பிற் சிறுபிள்ளை செய்த முதற்பயிற்சிக்கு ஒப்பிட்டது. அழகின்மையே இங்குக் கருத்து என்பது அன்பர் தரப்பு விடை.

அழகற்றது கலையாகாது என்னும் கொள்கை தமிழ் மரபுக்கு உடன்பாடன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் உவகையோடு இளிவரலையும் அச்சத்தையும் வைத்தெண்ணினார். பரணியிற் பேய்கள் கூழ் அடும் காட்சியைச் சயங்கொண்டார் மென்மைப்படுத்தவில்லை. பொலனறுவையிற் கிடைத்த காரைக்காலம்மையார் வெண்கலப் படிமத்தைக் காண்க. வற்றிய உடலும் கையிற் தாளமுமாக அமர்ந்த அவ்வுருவத்தில் அழகு துறந்தமையே பாடுபவரின் பெருமையாகின்றது.

மேலும், அழகிய முகப்பு உண்மையை மறைக்கவும் வல்லது. பசறைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தேயிலைப் பொதியின் முகப்பிற் கொழுந்து பறிக்கும் பெண் முகமலர்ந்து நிற்பாள். கூடையின் பாரமும், காலிற் கடிக்கும் அட்டையும், மாலையில் அவள் திரும்பும் லயத்து அறையும் அப்படத்தில் இடம்பெறா.

எனினும், அழகின்மை வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதனாலேயே அது வெற்றி பெற்றதாகாது. காணொளிப் பட்டை காண்போன் காட்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் கொண்ட கருவி. அதனை முகத்தின்மேல் அடுக்கியமையால், பார்க்கப்படுபவள் பார்ப்பவனின் விரலசைவுக்கு உட்பட்ட பண்டமாகிறாள் என்பது குறிப்பாற் பெறப்படும். இக்குறிப்பு வலியது. ஆயின், ஒருமுறை விளங்கிய கருத்தையே படம் பல பட்டைகளால் மீண்டும் மீண்டும் சொல்கின்றது. கூறியது கூறல் நூலுக்குக் குற்றமாயின் ஓவியத்துக்கும் குற்றமே.

ஆகவே, குறைகண்டோர் தீர்ப்பில் ஓரளவு உண்மையுண்டு. அவர் கொண்ட அளவுகோலே பிழைபட்டது. அன்பர்க்கும் ஒன்று உரைத்தல் தகும். ஈழத்தமிழர் துயரை உலகரங்கிற் பேசியவர் என்பதனால் அவருடைய ஓவியம் ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகாது. முகப்பைக் குறைகூறுதல் துயரைக் குறைகூறுதல் அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்து வாதிடுவோரே ஒரு கலைஞருக்கு வாய்க்கத்தக்க நல்ல சுவைஞர்.