அங்கீகாரமும் அரிசியும்: இலங்கையின் சீனக் கொள்கை, 1950–1957

ஒரு நாட்டின் ஆட்சியுரிமையை இரண்டு அரசாங்கங்கள் கோரும்போது ஏனைய நாடுகள் எதனை அங்கீகரித்தல் வேண்டும்? நிலத்தின் மீதும் மக்கள் மீதும் உண்மையில் அதிகாரம் செலுத்தும் அரசாங்கத்தையே என்பது சர்வதேச சட்ட அறிஞர் பலரின் கருத்தாகும். இதன்படி, அங்கீகாரம் ஓர் அரசாங்கத்தின் கொள்கைக்கு வழங்கப்படும் நற்சான்றிதழ் அன்று. நடைமுறை உண்மையை ஏற்றுக்கொள்ளலேயாகும். 1950 சனவரியில் இலங்கை சீன மக்கள் குடியரசை அங்கீகரித்தமை இக்கருத்துக்கு இயைந்ததே. ஆயினும், அதனைச் சிறிய நாடொன்றின் துணிவுமிக்க சுதந்திர முடிவெனப் போற்றுவது எவ்வளவு பொருந்தும்?

1949 ஒக்தோபர் முதலாந் திகதி பீக்கிங்கில் புதிய அரசு பிரகடனப்படுத்தப்பட்டது. சியாங் கை-ஷேக்கின் அரசாங்கம் தைவானுக்குப் பெயர்ந்து, முழுச் சீனாவுக்கும் தானே உரியதென வாதிட்டது. அவ்வாண்டு திசெம்பர் 30இல் இந்தியாவும், அடுத்த வாரத்தில் பாகிஸ்தானும் பிரித்தானியாவும் பீக்கிங்கை அங்கீகரித்தன. இலங்கையும் இவ்வரிசையிலேயே சேர்ந்தது. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் இதனைச் செய்தமை வியப்பன்று. பொதுநலவாய நாடுகள் பல சென்ற வழி அதுவே. ஆனால் அங்கீகரித்த பின்னரும் ஏழாண்டுகளாகப் பீக்கிங்கில் இலங்கைத் தூதரகம் எதுவும் நிறுவப்படவில்லை.

அவ்வங்கீகாரத்துக்குப் பொருள் தந்தது அரிசியே. கொரிய யுத்தகால இறப்பர் விலையேற்றம் தணிந்து, உலகச் சந்தையில் அரிசி அரிதாகிய வேளையில், 1952 திசெம்பரில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டொன்றுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பருக்கு ஈடாக 2,70,000 மெற்றிக் தொன் அரிசி என்பது அதன் சாரம். சீனாவுக்குப் போர்முக்கியத்துவமுடைய பொருள்களை அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே மாதத்தில் விதந்துரைத்திருந்தது. இலங்கையோ அப்போது அச்சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. சோவியத் வீற்றோ அதன் விண்ணப்பத்தைத் தடுத்திருந்தது. பொதுவுடைமை வல்லரசு ஒன்றின் தடையே மற்றொரு பொதுவுடைமை நாட்டுடன் வாணிபஞ் செய்ய இலங்கைக்கு இடமளித்தமை வரலாற்றின் முரண். இவ்வொப்பந்தத்தின் விளைவாக அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. அவ்விழப்பை இலங்கை தாங்கிக்கொண்டது. துணிவென்று சொல்லத்தக்கது 1952ஆம் ஆண்டின் இச்செயலேயன்றி 1950ஆம் ஆண்டின் அறிவித்தல் அன்று.

புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் தூதரகங்கள் பெருஞ்செலவு என வாதிக்கப்படலாம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. எனினும், வோஷிங்டனில் தூதரகம் நடத்த முடிந்த அரசுக்கு, மக்களின் உணவை அனுப்பும் நாட்டில் ஒரு தூதுவரை அமர்த்த முடியாமற் போனமைக்குச் செலவு மட்டுமே காரணமாகாது. உண்மையை ஏற்று, அதன் விளைவுகளை ஏற்கத் தயங்கியமையே காரணம் எனல் பொருந்தும். 1956இல் ஆட்சியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவே 1957 பெப்ரவரியில் முழுமையான இராசதந்திர உறவை ஏற்படுத்தி இத்தயக்கத்தை நீக்கினார்.

வல்லரசுகள் தம் அங்கீகாரத்தை வழங்கியும் மறுத்தும் பிற நாடுகளைப் பணியவைக்க இயலும். சிறிய நாட்டுக்கு அவ்வலிமை இல்லை. கொள்கையில் மாறாதிருப்பதொன்றே அதன் சொல்லுக்கு மதிப்பளிக்கும். அங்கீகரித்த அரசுடன் உறவாட அஞ்சும் நாடு, தன் சொல்லின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கின்றது. 1950 முதல் 1957 வரையான எமது சீனக் கொள்கை உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.